பெண்களின் நீச்சல் நேரம்

விரிவுரை மண்டபத் திரையில் ஒஸ்லோவின் வரைபடம் விழுந்தது. மேற்குப் பக்கம் இளம் பச்சை. கிழக்கே வர வர மஞ்சள், செம்மஞ்சள், பிறகு சிவப்பு. நகரத்தின் எந்தப் பகுதியில் மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், எந்தப் பகுதியில் முந்திக்கொண்டு போய்ச் சேருகிறார்கள் என்று காட்டும் படம் அது.

வெளியே பனி கரைந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்க ஈரக் கம்பளி மணம். என் கண் தானாகவே வடகிழக்கு மூலைக்குப் போனது. அங்கேதான் அம்மருட் இருக்கிறது. நான் வளர்ந்த அடுக்குமாடி இருக்கிறது. படத்தில் அந்த இடம் கடுஞ்சிவப்பு.

"இந்தப் பகுதிகளைப் பற்றி நேரில் அறிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார் ஆசிரியை ஆன்னே. மென்மையான குரல் அவருக்கு.

பல நாட்டு மாணவர்கள் படித்த வகுப்பு. யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

"அருமை. அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியும். நான் அங்கேதான் இருக்கிறேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். ஆன்னே சிரிக்கவில்லை. "அப்படியானால் அங்குள்ள மக்கள் ஏன் உடம்பைக் கவனிப்பதில்லை என்று நீங்கள்தான் எங்களுக்கு விளக்க வேண்டும்."

"கவனிப்பதில்லை என்று யார் சொன்னது?" என்றேன்.

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அந்தக் கேள்வியிலேயே ஒரு வருடத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன்.

டொக்டர் மாதிரி

அம்மாவைப் பற்றி இந்த வாரப் பத்தியில் எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "எழுது. ஆனால் என்னைப் பாவம் பிடிச்ச பொம்பிளையாக் காட்டாதை" என்றார். காட்ட நினைத்தாலும் முடியாது. சுரங்க ரயிலில் பெட்டி முழுக்கக் கேட்கத் தொலைபேசியில் கதைப்பவர். உதட்டுச் சாயம் பூசாமல் குப்பை கொட்டக்கூட இறங்க மாட்டார். ரயில் பாதை முடியும் வெஸ்ட்லியில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. அங்குள்ள நோர்வேஜியக் குழந்தைகளுக்கு 'ஆமாம்' என்பதற்கு எங்கள் 'ஓம்' சொல்லப் பழக்கியிருக்கிறார்.

அரச பல்கலைக்கழகத்தில் எனக்குப் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் பெரிய சிக்கல் வந்தது. அந்தப் படிப்புக்கு என்ன பெயர் சொல்வது? கோயிலில், கலியாண வீட்டில் யார் கேட்டாலும் அம்மா சமாளிப்பார்.

"பிள்ளை என்ன படிக்கிறா?"

"டொக்டர் மாதிரித்தான்."

"மாதிரி எண்டால்?"

அந்த இடத்தில் அம்மாவுக்கு யாரையோ கூப்பிட வேண்டிய வேலை வந்துவிடும்.

அப்பாவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. டிராம் ஓட்டுநராக இருந்தவர். எல்லாவற்றையும் நேராகச் சொல்வார். "பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர் வேலை. ஊரிலை கிணத்துக்குக் குளோரின் போட வருவினமே, தொட்டித் தண்ணியிலை நுளம்புக் குஞ்சு இருக்கோ எண்டு பாப்பினமே, அந்த வேலை."

அன்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு படித்து நுளம்பு பார்க்கவா போகிறேன் என்று கத்தினேன். ஆனால் வகுப்பில் மாதங்கள் போகப் போக, அப்பா சொன்ன விளக்கம் பாடப்புத்தகங்களைவிட எனக்குப் பிடித்துப்போனது. வயிற்றோட்டம் வந்த வீட்டுக்கு வரும் பி.எச்.ஐ., "நீங்கள் ஏன் கவனமாகத் தண்ணீர் குடிக்கவில்லை" என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். கிணற்றைத் திருத்திவிட்டுப் போவார்.

எங்கள் வகுப்பிலோ, எல்லாரும் தண்ணீர் குடித்தவர்களைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

பாட்ஸ்பியோர்ட் தந்த தோள்

அம்மா நோர்வேயில் முதலில் வந்து இறங்கிய இடம் ஒஸ்லோ அல்ல. வடக்கே, உலகத்தின் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்ஸ்பியோர்ட். மீன்பிடி ஊர். அப்பா அதற்கு முன்பே அங்கே மீன் தொழிற்சாலையில் இருந்தார். கலியாணமாகி வந்த அம்மாவும் அதே தொழிற்சாலையில் மீனின் முள்ளை நீக்கிச் சதையை அரிந்தெடுக்கும் மேசையில் நின்றார். நான் பிறந்ததும் அந்த ஊரில்தான். நான் நடக்கப் பழகிய பிறகு குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது.

அந்த ஊர் அம்மாவுக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்து அனுப்பியது. ஒன்று, வடக்கத்து நோர்வேஜியன். 'நான்' என்பதற்கு ஒஸ்லோக்காரர் 'யாய்' என்பார்கள். அம்மா மீனவர்களைப்போல வாயை அகலத் திறந்து 'ஆ' என்பார். மற்றது வலது தோள். குளிரில் ஒரே அசைவை வருடக்கணக்காகச் செய்த தோள். கழுத்துக்கு மேலே கை எழும்பாது.

அந்தத் தோளுக்கு ஒத்துவந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்து நீச்சல் மண்டபத்தில் புதன்கிழமை மாலையில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெண் காவலர் நிற்பார். தண்ணீரும் அன்று கூடுதல் சூடு. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று கையை மெல்ல மெல்ல உயர்த்துவார். தண்ணீருக்குள் அது எழும்பும்.

வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் குளோரின் மணக்கும். வந்தவுடன் ஒரு பெரிய கோப்பை தேத்தண்ணி. பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் மேல்தட்டிலிருந்து சட்டியை எடுப்பார். எடுப்பதை நாங்கள் பார்க்க வேண்டும்; அதற்காகச் சத்தம் போட்டு எடுப்பார்.

நான் படிக்கத் தொடங்கிய இலையுதிர்காலத்தில் அந்த நேரத்தை நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்கள் குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

பாதி வெட்டிய தட்டு

அடுத்த பருவத்தில் எங்களுக்குக் களப்பணி வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. நகரின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்குள்ள மக்களின் உடல்நலத்துக்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும். எழுதிய அறிக்கைக்கு மூவருக்கும் ஒரே புள்ளி. அதற்கு முன் ஒரு விளக்க நிகழ்வு. யாரும் வந்து கேட்கலாம்.

என் குழுவில் ஒருத்தி சில்யே. ஒஸ்லோவின் பச்சைப் பக்கத்துப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. மற்றவள் பிரியா. கோயம்புத்தூரில் பல் மருத்துவராக இருந்தவள். கணவருக்கு இங்கே கணினி வேலை.

எங்களுக்கு ஆன்னே தந்த தலைப்பு: அம்மருட் பகுதித் தெற்காசியப் பெண்களின் உணவுப் பழக்கத்தை மாற்றுதல். சில்யே முதல் வாரத்திலேயே ஒரு பிரசுரம் வரைந்துகொண்டு வந்தாள். வட்டத் தட்டு. அதில் சோறு பாதி. அந்தப் பாதியின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"உன் அம்மாவும் அவருடைய சிநேகிதிகளும் கூட்டத்துக்கு வருவார்களா?" என்று என்னிடம் கேட்டாள். "நீ இருப்பதால் கதவு சுலபமாகத் திறக்கும்."

"நான் கதவு இல்லை," என்றேன். "அங்கே பெண்கள் உடம்பை அசைக்க ஓர் இடம் இருந்தது. அதைப் பூட்டிவிட்டார்கள். அதைப் பற்றி எழுதுவோம்."

"தலைப்பு உணவு."

"தலைப்பு பிழை."

பிரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தர்சினி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. மேடம் கேட்டதை எழுதிக் கொடுத்துட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடலாமே. எதுக்கு வம்பு?"

"நீங்கள் அங்கை வந்து ஒருக்காப் பாருங்கோ. பிறகு கதைப்பம்."

"கதைப்பம்னா? ஸ்டோரி சொல்லப் போறீங்களா?"

எங்கள் இருவருக்கும் இடையே இந்தச் சொல் அடிக்கடி வந்து குறுக்கே நிற்கும். அவளுக்குக் கதைப்பது என்றால் கதை சொல்வது. எனக்கு அவள் 'பேசிட்டாங்க' என்றால் யாரோ அவளைத் திட்டிவிட்டார்கள் என்று பதறும். அன்று இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் அவள் வர ஒப்புக்கொண்டாள். சில்யேயும் வந்தாள்.

புதன்கிழமை மாலை. நீச்சல் மண்டப முன்கூடத்தில் ஒரு நோர்வேஜியப் பெண்மணி துவாய்ப் பையோடு நின்றார். பெயர் பெரித். அம்மாவோடு அதே நேரத்தில் வந்துபோனவர். நேரம் திரும்ப வந்துவிட்டதா என்று பார்க்க அவ்வப்போது வருவாராம்.

சில்யே அவரிடம் கேட்டாள். "நீங்கள் பொது நேரத்தில் நீந்தலாமே? நீங்கள் நோர்வேஜியர்தானே?"

பெரித் துவாய்ப் பையைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு மார்பு இல்லை," என்றார். "புற்றுநோய். அந்தப் புதன்கிழமைகளில் மட்டும்தான் நான் யோசிக்காமல் துவாயை அவிழ்ப்பேன். அங்கே வந்த பாகிஸ்தான் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை."

அவர்களோடு நானும் நகரத்துப் பக்கம் ரயில் ஏறினேன். தன் நிறுத்தம் வருமுன் சில்யே மடிக்கணினியைத் திறந்தாள். பாதி வெட்டிய தட்டை அழித்தாள்.

கிட்ட இருப்பவள்

ஆன்னே என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஜன்னலோரம் பூச்சாடிகள். எனக்கும் கோப்பி ஊற்றினார்.

"உங்கள் குழு தலைப்பை மாற்றியிருப்பதாக அறிந்தேன். இது உங்கள் யோசனை, இல்லையா?"

"ஆம்."

"நீங்கள் திறமையானவர். உங்களுக்கு ஆய்வுத் துறையில் இடமிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் இந்த விஷயத்துக்கு மிகவும் கிட்ட இருக்கிறீர்கள். உங்கள் அம்மா, உங்கள் தெரு, உங்கள் நீச்சல் மண்டபம். ஆய்வாளருக்கு ஒரு தூரம் வேண்டும்."

கோப்பை என் கையில் சுட்டது. கீழே வைத்தேன்.

"நீங்கள் தினமும் காலையில் நீந்துவதாக முதல் வகுப்பில் சொன்னீர்கள்," என்றேன். "நீச்சலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்களுக்குப் பாடமாகவும் வைத்தீர்கள். நீங்கள் நீச்சலுக்கு மிகவும் கிட்ட இருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னார்களா?"

அவர் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியாது.

"மற்ற இருவரின் புள்ளியும் இதில் இருக்கிறது," என்றார். "விரும்பினால் அவர்கள் தனியாக எழுதலாம். நான் அனுமதிப்பேன்."

அதை அப்படியே இருவரிடமும் சொன்னேன். என்னோடு நில்லுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர்களால் மறுக்க முடியாமல் போகும் என்று நினைத்தேன். சில்யே, "அழித்த படத்தைத் திரும்ப வரைய எனக்கு நேரமில்லை," என்றாள். பிரியா பெருமூச்சு விட்டாள். "என் ஹஸ்பெண்ட் என்னைக் கொல்லப் போறார். சரி, எழுதுங்க."

எதிர்ப்பு வீட்டில்தான் பெரிதாக வந்தது.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அம்மா. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். "படிச்சமோ, பாஸ் பண்ணினமோ எண்டு இருக்க வேணும். வந்த நாட்டிலை அவையோடை கொழுவி என்ன காணப்போறாய்?"

"நான் வந்த நாடு இல்லை அம்மா. நான் பிறந்த நாடு."

"வாய்க்குக் குறைச்சலில்லை. என்ரை தோளை வைச்சு நீ ஒண்டும் எழுதப்படாது. அது என்ரை தோள்."

அதில் நியாயம் இருந்தது. அறிக்கையில் அம்மாவின் தோளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

வடக்கத்துக் குரல்

விளக்க நிகழ்வுக்கு நகரப் பகுதி நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, களைத்த முகம்.

நாங்கள் தொடங்கிய சிறிது நேரத்தில் பின்கதவு திறந்தது. குளிர்கால மேலங்கிகளோடு ஆறேழு பெண்கள் உள்ளே வந்தார்கள். நடுவில் சிவப்பு உதட்டுச் சாயத்தோடு அம்மா. பக்கத்தில் பெரித். எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோனது. பிரியா குனிந்த தலையோடு தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் தெரிந்தது, அவள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். "அந்த இந்தியப் பிள்ளை, ஆன்ட்டி வாங்க எண்டு மரியாதையாக் கேட்டவள்," என்றார் அம்மா பின்னர். "நீ சண்டை பிடிச்சனி. கேக்கேல்லை."

நான் பேசி முடித்தேன். மூடப்பட்ட அந்த நேரத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பதே எங்கள் திட்டம், வேறு திட்டமில்லை.

அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். இது முடிவெடுக்கப்பட்ட விஷயம். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். காவலருக்கும் ஆள் இல்லை. நோய் வரக்கூடிய அபாயக் குழுவிலுள்ள பெண்களுக்கு உணவு பற்றிய வகுப்புகளை நடத்துவதே நல்லது.

அம்மா கை உயர்த்தவில்லை. வலது கை எழும்பாது; இடது கையை உயர்த்த மாட்டார். நேரே எழும்பினார்.

"நான் பாட்ஸ்பியோர்ட்டில் உங்களுக்கு மீன் வெட்டியவள்," என்றார் நோர்வேஜியனில். வாயை அகலத் திறந்த அந்த 'ஆ' மண்டபத்தில் எதிரொலித்தது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. "குளிரில் நின்று வெட்டினேன். அப்போது யாரும் என்னை அபாயக் குழு என்று சொல்லவில்லை. நல்ல வேலையாள் என்றார்கள். இப்போது சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் நிற்கக் கேட்கிறேன். வருகிறவர்கள் குறைவு என்கிறீர்கள். நாங்கள் குறையவில்லை. இதோ நிற்கிறோம். நீங்கள்தான் பூட்டினீர்கள்."

யாரும் கை தட்டவில்லை. அதிகாரி, கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார். ஆன்னே நேரமாகிவிட்டது என்று அடுத்த குழுவை அழைத்தார்.

வீடு திரும்பும் ரயிலில் அம்மா வழமைக்கு மாறாக மெல்லக் கதைத்தார்.

"என்ரை நொர்ஸ்க் பாசை பிழைச்சுப் போச்சோ?"

"இல்லையம்மா."

"பிறகேன் அந்தாள் அப்பிடிப் பாத்தவர்?"

"நீங்கள் வடக்கு ஆக்கள் மாதிரிக் கதைச்சதாலை."

"நான் வடக்குத்தானே," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த வடக்கு, இங்கேயா ஊரிலேயா, என்று நான் கேட்கவில்லை.

கிளாகே

அறிக்கைக்கு 'டி' கிடைத்தது. கேட்ட கேள்விக்கு விடையளிக்கப்படவில்லை என்று குறிப்பு. சில்யே வாழ்க்கையில் அதுவரை 'டி' வாங்கியதில்லை. ஒரு முழு நாள் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. மறுநாள், "என் அப்பா இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்," என்று வந்து நின்றாள்.

இங்கே புள்ளியை எதிர்த்து முறையிடலாம். கிளாகே என்பார்கள். குழுவில் ஒருவர் தனக்கு மட்டும்கூடப் போடலாம். புதிய தேர்வாளர்கள் திருத்துவார்கள். கூடலாம், குறையலாம்.

"விட்டிடு," என்றார் அம்மா.

"விடமாட்டன்."

"அப்ப போடு," என்றார். அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் எனக்கு மட்டும் கிளாகே போட்டேன். 'டி' போய் 'ஈ' வந்தது. தோல்விக்கு மேலே கடைசிப் படி. சமையலறையில் நின்று சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அதையும் எழுத வேண்டும்.

ஆன்னேவுக்கு என் ஆய்வுக்கு வழிகாட்ட நேரமில்லாமல் போனது. வேறு துறையில் ஒருவர் கிடைத்தார். நகரத்தில் மூடப்பட்ட பொது இடங்களைப் பற்றி எழுதினேன், பட்டம் வாங்கினேன். அந்த 'ஈ' இன்றும் என் சான்றிதழில் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். நடந்ததைச் சொல்வேன். ஓரிடத்தில் அதோடு வாய்ப்புப் போனது. இன்னோரிடத்தில் வேலை கிடைத்தது. ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு நகராட்சியில், அதே பொதுச் சுகாதாரப் பிரிவில் இன்று இருக்கிறேன். அப்பாவின் மொழியில் சொன்னால், பி.எச்.ஐ.

ஞாயிற்றுக்கிழமை

பெண்கள் விட்டபாடில்லை. நகரப் பகுதிச் சபைக் கூட்டம் தொடங்குமுன் குடிமக்கள் கேள்வி கேட்கச் சிறிது நேரம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருத்தி போனாள். ஒரே கேள்வியைக் கேட்டாள். எங்கள் நேரம் எப்போது திரும்ப வரும்? பெரித் கேட்டார். ஒரு பாகிஸ்தான் அம்மா கேட்டார். பிரியாகூட ஒரு முறை போய்த் தன் புதிய நோர்வேஜியனில் கேட்டாள். அம்மா தன் முறை வராத நாட்களிலும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒரு குளிர்காலம் முழுக்கப் போய், அடுத்ததும் பாதி போனபின் நேரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வேறு யாருக்கும் வேண்டாத நேரம்.

"தந்தவை வேண்டாவெறுப்பாத் தந்தவை," என்றார் அம்மா. "நாங்கள் விருப்பமாப் போவம்."

முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். தடாகத்துக்கும் முன்கூடத்துக்கும் நடுவே நெடுங்கண்ணாடிச் சுவர். முன்பு அதற்குத் திரை இருந்தது. கழற்றிவிட்டார்களாம். புதிதாக வாங்க இந்த ஆண்டு வழியில்லை என்றாள் காவலுக்கு நின்ற இளம்பெண். அவள்மேல் பிழையில்லை.

பெரித் துவாயை இறுக்கிப் பிடித்தார். அன்று யாரும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா ஒரு பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் நைலெக்ஸ் சாறிகள். பாட்ஸ்பியோர்ட்டில் கட்ட இடமில்லாமல் மடித்து வைத்தவை. மஞ்சள், கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம். என்னை ஏணியில் ஏற்றினார். பழைய திரைக்கம்பி அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் கொழுவித் தொங்கவிட்டேன். பாகிஸ்தான் அம்மா தன் துப்பட்டாவால் கடைசி இடைவெளியை அடைத்தார்.

காவல் பெண் ஓடிவந்தாள். "இப்படித் தொங்கவிட அனுமதியில்லை. கழற்ற வேண்டும்."

"கழற்றுவேன்," என்றார் அம்மா வடக்கத்து நோர்வேஜியனில், தடாகப் படியில் கால் வைத்தபடி. "உங்கள் திரை வரட்டும். அன்றைக்கே கழற்றுவேன்."

பெரித் துவாயை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

திரை இன்னும் வரவில்லை. சாறிகள் தொங்குகின்றன.